ரவுட்டருக்குப் பெரட்டு வைத்த செக்ரோல் ஐயா

இணையத்துக்கே பெரட்டு வைத்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் செக்ரோல் ஐயாதான். வேறு யாராவது வைத்திருந்தால் எழுதிப் போடுங்கள், அவரையும் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

பெரட்டு என்றால் தேயிலைத் தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. வந்தவர்களைக் குறிக்கும் தடித்த புத்தகம் செக்ரோல். அந்தப் புத்தகத்தோடு முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய கிளாக்கர் எங்கள் ஐயா. ஓய்வு பெற்று, கொட்டகலை கடைவீதிக்கு மேலே வீடு கட்டினார். தோட்டம் அவரை விட்டது, அவர்தான் தோட்டத்தை விடவில்லை. மாடியில் இரண்டு வாடகை அறைகள். ஒன்றில் தமிழ் படிப்பிக்கிற நான், மற்றதில் யாழ்ப்பாணத்து விஞ்ஞான மாஸ்டர்.

டெலிபோன் லைனில் இணையம் வந்து சேர்ந்த காலம் அது. ரவுட்டரைப் பொருத்த வந்த ஆள் சும்மா போயிருக்கலாம். "ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் இருக்குங்க. பதிஞ்சு வச்சா, பதிஞ்ச ஆளை மட்டும்தான் உள்ள விடும்" என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தான். ஐயாவின் முகத்தில் திரும்பவும் வேலை கிடைத்த களை வந்துவிட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கீழேயிருந்து சத்தம்.

"மாஸ்டர்! பொட்டியக் கொண்டாங்க!"

"எந்தப் பொட்டிங்கய்யா?"

"கம்ப்யூட்டர் பொட்டி. ஆளு வராம பேரு போட்டா அது கள்ளப்பேருங்க."

ஒயர்களைக் கழற்றி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். மானிட்டருக்கு மட்டும் விலக்கு அளித்தார், புண்ணியவான். விஞ்ஞான மாஸ்டர் லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"உதென்ன விசர் வேலை ஐயா? இன்டர்நெட்டுக்கும் வரிசையிலை நிக்க வேணுமோ?"

"நின்னா முழுப்பேர். லேட்டா வந்தா அரைப்பேர், மத்தியானத்தோட லைன் கட்டு. வாய் பேசினா பேர் வெட்டு."

தோட்டத்தில் முழுப்பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், அரைப்பேர் என்றால் அரை நாள். சொன்னபடியே செய்தார். ஒரு நாள் கொஞ்சம் தூங்கிவிட்டேன், பன்னிரண்டு அடித்ததும் என் இணையம் செத்துப்போனது. ரவுட்டர் அலமாரிக்குள் இருந்தது. அலமாரிச் சாவியும் எங்கள் அறைகளின் மறுசாவியும் அவர் இடுப்பில் இருந்தன.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் எனக்கொரு அண்ணன் இருக்கிறான். கட்டாரில் லொறி ஓட்டினான். போனில் அவனுக்கு மூன்றே பேச்சுதான்: "ம்", "சாப்பிட்டியா", "வைக்கிறேன்". அம்மா செத்த பிறகு அதிலும் ஒன்று குறைந்தது. சின்ன வயதில் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் கேரம் ஆடும்போது மட்டும் வாய் ஓயாமல் பேசுவான். அவனே ஒரு நாள், இணையத்தில் கேரம் ஆடலாம், மைக்கில் பேசிக்கொண்டே ஆடலாம் என்றான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. ஆசையோடு உட்கார்ந்தேன். ஆட்டம் சேரவே இல்லை. திரையில் 'ஸ்ட்ரிக்ட்' என்று ஒரு ஆங்கில வார்த்தை வந்து நின்றது.

ஐயாவை மேலே கூட்டிவந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஸ்ட்ரிக்ட்டுனு அவனே எழுதியிருக்கானா? வெளிநாட்டுக்காரனா? அழிச்சுப்புடாதீங்க மாஸ்டர், நாலு பேருக்குக் காட்டணும்."

விஞ்ஞான மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார். "வெளியிலை இருந்து வாறதை எங்கடை ரவுட்டர் வாசல்லையே திருப்பி அனுப்புது. இவரின்ரை அண்ணன்ரை பக்கமும் அப்பிடித்தான், அங்கை ஒருத்தரும் கை வைக்கேலாது. எங்கடை பக்கமாவது திறக்க வேணும். இன்ன நம்பருக்கு வாறதை இவரின்ரை கம்ப்யூட்டருக்கு விடு எண்டு ரவுட்டரிலை எழுதிவிட்டால் சரி."

"கேட்டுல நிக்கிற வாச்சரு எல்லாரையும் தொரத்துறான். இன்ன ஆளு வந்தா இன்ன லயத்துக்கு விடுன்னு துண்டு எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதானே? மாஸ்டர், விண்ணப்பம் எழுதுங்க."

எழுதினேன். 'காரணம்: பொழுதுபோக்கு.' சிவப்பு மையில் 'காரணம் போதாது' என்று திரும்பி வந்தது. இரண்டாவது தடவை, 'காரணம்: அண்ணன் பேசுவதற்கு' என்று எழுதினேன். இரண்டு முறை படித்தார். எழுந்து போய் அலமாரியைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை நாலிலிருந்து ஆறு வரை அனுமதி. ஐந்தரைக்கே கடிகாரத்தோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒரு வாரம் அண்ணனின் சிவப்புக் காய் குழி விளிம்பில் நிற்கிறது, மணி ஆறு.

"ஐயா, ஒரே ஒரு அடிங்கய்யா!"

"சங்கு ஊதினா கூடைய எறக்கணும் மாஸ்டர்."

போய் மூடிவிட்டார். அன்று நான் அவரைத் திட்டியதைப் பத்திரிகையில் போட முடியாது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் சொன்னான். "பாலைவனத்து சைட்டுக்கு மாத்திட்டாங்கடா. அங்க லைன் கெடையாது. ரெண்டு வருஷம். அடுத்த வெள்ளிதான் கடைசி, வந்துரு."

அந்த அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தா, கல்விக் காரியாலயம் ஒரே ஒரு கையெழுத்துக்காக என்னை நுவரெலியாவுக்குக் கூப்பிட வேண்டும்? திரும்பும்போது நானுஓயாவில் ரயில் நின்றுவிட்டது. பாதையில் மண் சரிவாம். என் போனில் சார்ஜும் இல்லை. கொட்டகலையில் இறங்கும்போது மணி ஏழு தாண்டிவிட்டது. மழையில் மேட்டில் ஓடினேன். அழுதுகொண்டே ஓடினேன், இதில் என்ன வெட்கம்! ஆறு மணிக்கு மூடியிருப்பார். வெளிநாட்டுக்காரனே ஸ்ட்ரிக்ட் என்று எழுதிக் கொடுத்த மனிதர் அல்லவா.

படியேறும்போதே என் அறையிலிருந்து குரல் கேட்டது.

"மெதுவா அடிங்க தம்பி! நான் ரிட்டயர் ஆன ஆளு!"

ஸ்பீக்கரில் அண்ணன் சிரித்தான். அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

கம்பளிக் குல்லாவோடு ஐயா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மவுஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"வந்துட்டீங்களா? இந்தாங்க, ஒக்காருங்க. நாலு மணிக்கு ஒங்களக் காணல. தம்பி காத்துக்கிட்டு இருக்குமேன்னு நானே போட்டேன். பதினோரு ஆட்டம் தோத்துட்டேன். ஆளு போயிறக் கூடாதுல்ல."

"மணி ஏழரை ஆச்சுங்களேய்யா?"

"தெரியும். ஓவர்டைம் எழுதியிருக்கேன்."

ஒன்பது மணி வரை ஆடினோம். அண்ணன் அம்மாவைப் பற்றிப் பேசினான். நிறையப் பேசினான். ஐயா கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே போய்விட்டார்.

மறுநாள் பெரட்டில் செக்ரோலை எட்டிப் பார்த்தேன். 'மாஸ்டரின் அண்ணன், கட்டார்: முழுப்பேர். ஓவர்டைம் மூன்று மணி.' அதற்குக் கீழே என் பெயர். 'லேட். அரைப்பேர்.'

ஐயா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. இப்போது என் வீட்டில் இருக்கிற ரவுட்டர் எல்லாவற்றையும் தானே திறந்துவிடுகிறது. யாரும் காரணம் கேட்பதில்லை. ஆறு மணிக்கு விழிப்பு மட்டும் வந்துவிடுகிறது. அரைப்பேர் போட்டாலும் பரவாயில்லை ஐயா, ஒரு தடவை கூப்பிடுங்க.