ரெட் ஆக்சைடு அண்ணன் அடித்த கோட்டிங்

மேற்கு மாம்பலத்திலேயே துருப்பிடிக்காத ஒரே மனிதர் எங்கள் மாடிவீட்டு ரெட் ஆக்சைடு அண்ணன்தான். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். ஈக்காட்டுத்தாங்கலில் கிரில் கேட் பட்டறை வைத்திருந்தார். எந்த இரும்பைக் கண்டாலும் துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயிண்டை அடித்துவிடுவார். என் சைக்கிள் பெல்கூடத் தப்பவில்லை.

எனக்குத் தைராய்டு குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. நான் ஷேவ் செய்யும்போதே தூங்கிவிடுகிற ஆசாமி. அதுவரை சோம்பேறி என்று திட்டியவர்களிடம் காட்ட ஒரு சான்றிதழ் கிடைத்ததில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

"சுரப்பியாவது, மண்ணாவது! ஒடம்பு துரு புடிச்சிக்கினு கீது நைனா. உள்ள ஒரு கோட்டிங் அடிக்கணும்" என்றார் அண்ணன். ஆன்டி-ஆக்சிடன்ட் பற்றி ஏதோ வீடியோ பார்த்திருந்தார்.

மறுநாளிலிருந்து, காலையில் நான் தைராய்டு மாத்திரையை விழுங்கிய கையோடு கதவு தட்டப்படும். சொம்பு நிறைய பீட்ரூட், முருங்கைக்கீரை, எள், கேழ்வரகு எல்லாம் அரைத்துக் காய்ச்சிய கஞ்சி. "ஃபர்ஸ்ட் கோட்டு. மூச்சு வுடாம அடி!" மறுத்துப் பேசத் தெம்பு வேண்டும். அதற்கும் தைராய்டு வேண்டுமே.

அடுத்த பரிசோதனையில், தைராய்டு குறைந்தால் ஏறுகிற அந்த டி.எஸ்.ஹெச். இறங்காமல் இன்னும் ஏறியிருந்தது.

"மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்கன்னு சொன்னேனே?" என்றார் டாக்டரம்மா.

"சாப்பிடலையே டாக்டர், குடிச்சேன்."

கஞ்சியில் என்னென்ன என்று கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதுல இருக்கற கால்சியமும் இரும்பும் மாத்திரையை உடம்புல சேர விடாது. சத்துதான், ஆனா நாலு மணி நேரம் தள்ளிக் குடிங்க. மாத்திரைக்குப் பதிலா எந்தக் கஞ்சியும் ஆகாது."

தைராய்டைவிட, இதை அண்ணனிடம் சொல்வதற்குத்தான் பயந்தேன். சொன்னதும் மனிதர் சுருங்கிப்போனார். "ஐயோ, நானே உன்ன கெடுத்துட்டேனா நைனா?" கண் கலங்கிவிட்டது.

மறுநாளும் கதவு தட்டினார். கையில் சொம்பு இல்லை. சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு, காபி ஃபில்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னும் நேரம் ஆவல. போய் பேப்பர் படி." அந்தக் காவலில்தான் என் டி.எஸ்.ஹெச். ஒழுங்காக இறங்கியது.

இப்போது மகள் வீட்டோடு பாலவாக்கம் போய்விட்டார். கடற்கரை உப்புக்காற்றோடு தினமும் சண்டை. ஆனாலும் விடிந்ததும் ஃபோன் வரும். "மாத்திரை போட்டியா? காபியத் தொட்ட, கொன்னுடுவேன்!" ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு ஃபோன். "இப்போ குடி நைனா."

போன வாரம் ஒருநாள் அந்த இரண்டாவது ஃபோன் வரவில்லை. என் வீட்டில் நான் காபி குடிக்க யாரைக் கேட்க வேண்டும்? ஆனாலும் டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அடித்தது.

"சார்ஜ் பூட்ச்சு நைனா. குடிச்சியா?"

"அப்பவே குடிச்சிட்டேண்ணா" என்று சொல்லிவிட்டு, பச்சைத்தண்ணீராக ஆறிப்போயிருந்த காபியை நிம்மதியாகக் குடித்தேன்.