'மழை விடட்டும்' வெளியீட்டு விழா

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நடந்த ஆகப் பெரிய நிகழ்ச்சி, 1994ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்தது. எங்கள் தமிழ்க் கலை மன்றம் 'மழை விடட்டும்' என்ற சோல்-ஃபங்க் பாட்டைக் கசெற்றாக வெளியிட்டது. மன்றத்தின் உதவிச் செயலாளர் என்ற முறையில் இதை மிகவும் அடக்கமாகவே சொல்கிறேன்.

பாடியவர் தர்சிகா, வாரநாட்களில் புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்பவர். இசையமைத்து பாஸ் கிற்றார் வாசித்தவர் மன்னார்க்காரர் எமில். தேவாலயத்தில் மெதுவாக வாசித்து வாசித்து அலுத்துப்போனவர். டிரம்ஸ் அடித்தவர் எமிலோடு வேலை செய்யும் சமோவா நண்பர் சியோனே. மவுண்ட் வெல்லிங்டனில் எமிலின் கராஜ்தான் 'ஒலிப்பதிவுக்கூடம்'. சத்தம் வெளியே போகாதிருக்கச் சுவரெல்லாம் மெத்தை சாத்தியிருந்தார்கள். அன்று அந்த வீட்டில் யாருக்கும் படுக்க மெத்தை இல்லை.

கலையை அப்படியே விட்டுவிட முடியாதல்லவா? நாங்கள் மேற்பார்வைக்குப் போனோம். தர்சிகா தோளைக் குலுக்கிப் பாடத் தொடங்கியதும் தலைவர் ஜெயரட்ணம் கையை உயர்த்தினார்.

"பிள்ளை, கொஞ்சம் அசையாமப் பாடும்."

"அங்கிள், இது ஃபங்க். அசையாட்டி வராது" என்றார் எமில்.

"பாட்டில ஆட்டம் இருக்கட்டும். ஆடுறது தெரியக்கூடாது."

"கசெற்றில எப்பிடி அங்கிள் தெரியும்?"

"தெரியாட்டியும் மரியாதை எண்டு ஒண்டு இருக்கு."

எமில் தேநீர் குடிக்க எங்களை வீட்டுக்குள் அனுப்பினார். நாங்கள் இரண்டாவது கோப்பை முடித்தபோது பாட்டும் முடிந்திருந்தது. மேற்பார்வை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

விழா லின்ஃபீல்டில் ஒரு மண்டபத்தில். மாலை ஆறு மணிவரைதான் எங்களுக்கு. தர்சிகா கேட்டது ஒன்றே ஒன்று.

"பாட்டை ஒருக்கா எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்கோ அங்கிள். எங்கட சனம் கால் தட்டுதோ எண்டு நான் பாக்கோணும். தட்டாட்டி இனிப் பாடமாட்டன்."

"வடிவாப் போடுவம்" என்றார் தலைவர். "முதல்ல வெளியிட்டு முடியட்டும்."

விளக்கேற்ற எட்டுப் பேர். குத்துவிளக்கு மேடையில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று அதை ஒலிபெருக்கியின் மேலேயே வைத்திருந்தோம். எமில் பரிசோதிக்க ஒரு நொடி பாட்டைப் போட, சுடர் நடுங்கியது. உடனே நிறுத்தச் சொன்னோம். விளக்கை இறக்கி வைக்கலாமே என்றார் எமில். ஏற்றிய விளக்கை அசைப்பதா? பாட்டுத்தான் பொறுத்திருக்க வேண்டும்.

வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை. பிறகு முதற் பிரதியைக் கடைக்காரர் பாஸ்கரன் பெற்றுக்கொண்டார். அடுத்து 'சிறப்புப் பிரதிகள்'. ஒவ்வொருவரும் மேடையேறி, கசெற்றின் ஒரு முனையைப் பிடித்து, புகைப்படக்காரர் சரியென்னும்வரை சிரித்தார்கள்.

தர்சிகா மேடையோரம் வந்தாள். "இப்ப போடலாமே?"

செயலாளர் பழனிவேல் பதறிவிட்டார். "என்னம்மா நீ! பாட்டப் போட்டுட்டா அப்புறம் பேச்ச யாரு கேப்பாங்க?"

ஆய்வுரை நிகழ்த்த தவராசா எழுந்தார். "இந்தப் பாடலை நான் இதுவரை கேட்கவில்லை" என்று தொடங்கினார். "கேட்டிருந்தால் என் நடுநிலைமை கெட்டிருக்கும்." கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவர் சங்க காலத்தில் புறப்பட்டு, ஆறு மணிக்குக் கால் மணிநேரம் இருக்கையில் பல்லவர் காலத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். நன்றியுரை வேறு மீதி இருந்தது.

தர்சிகா மணிக்கூட்டைப் பார்த்தாள். கைப்பையை எடுத்தாள். எமில் ஒரு கசெற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சற்று நேரத்தில் கார் நிறுத்துமிடத்திலிருந்து 'தும்... தும்-தும்' என்று ஏதோ வந்தது. எமில் தன் காரின் நான்கு கதவுகளையும் திறந்து வைத்திருந்தார். முதலில் பிள்ளைகள் ஓடினார்கள். அவர்களைப் பிடிக்கத் தாய்மார் ஓடினார்கள். தாய்மாரைக் கூட்டிவரத் தகப்பன்மார் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. மண்டபக் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கித் தாளம் போட்டார். பொன்னாடையோடு பாஸ்கரன் சுழன்றார். தர்சிகாவின் கைப்பை காரின் கூரைமேல் கிடந்தது. அவள் கூட்டத்தின் நடுவே தோளைக் குலுக்கி, தன் பாட்டைத் தானே மறுபடி பாடிக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் எஞ்சியவர்கள் செயற்குழுவும் தவராசாவும் பல்லவர்களும்.

ஜெயரட்ணம் யன்னலால் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"பாத்தீரே தம்பி, எங்கட சனத்துக்கு இசையில துளியும் அக்கறை இல்லை. ஒரு பாட்டு வெளியீடு நடக்குது. அதை விட்டிட்டு ஆடப் போயிட்டினம்."

நான் ஆமோதித்தேன். செயற்குழுவும் ஏகமனதாக ஆமோதித்தது. மேசைக்குக் கீழே எங்கள் எல்லோருடைய கால்களும் என்ன செய்துகொண்டிருந்தன என்பது நிகழ்ச்சி நிரலில் இல்லாத விடயம்.