தொடுகைக் கணக்கு

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் புரியவில்லை என்ற விஷயம் கல்வி அலுவலகத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. புரியாமல் இருந்த காலத்தில் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அந்த வருடம் கணக்கு டீச்சர் காகிதத்தைக் கிழித்துக் கிழித்துக் காட்டி எப்படியோ புரிய வைத்துவிட்டிருந்தார். ஆனால், கவனத்துக்கு வந்துவிட்ட விஷயத்தை அலுவலகம் சும்மா விடுவதில்லை. கரும்பலகை கழற்றப்பட்டது. அந்த இடத்தில் பளபளவென்று ஒரு தொடுதிரை மாட்டப்பட்டது.

திரை நல்ல திரைதான். கணக்குக் கேட்கும், நாலு விடை காட்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து விரலால் தொட வேண்டும். சரியான விடையைத் தொட்டால் சின்னதாக ஒரு பச்சைக் கோடு விழும். தப்பாகத் தொட்டால், பிள்ளையின் மனம் நொந்துவிடக் கூடாதே என்று ஒரு யானை வந்து ஆடும். பலூன்கள் பறக்கும். "அருமையான முயற்சி! மறுபடி தொடு!" என்று தேனாக ஒரு குரல் வரும்.

யானை வேண்டுமென்றால் தப்பாகத் தொட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் முதல் நாள் மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். டீச்சர் கண்ணை உருட்டினார். யானை மறைந்தது. பச்சைக் கோடுகள் விழுந்தன.

உடனே மேற்பார்வை அதிகாரி வந்து சேர்ந்தார். வாயைத் திறந்தால் விகிதம்தான் வரும் என்பதால் ஆசிரியர்கள் அறையில் அவருக்கு 'விகிதம்' என்றே பெயர்.

"உங்க வகுப்புல தொடுகை ரொம்பக் கம்மியா இருக்கே, டீச்சர்?"

"எடுத்தவுடனே சரியாப் போட்டுடறாங்க சார். ஒரு தடவை தொட்டாப் போதும்."

"மத்த பள்ளிக்கூடத்துல ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கணக்குக்கு நாலு தடவை தொடுது."

"மொத்தமே நாலு விடைதான் சார் இருக்கு."

"அதேதான்! ஒண்ணு விடாமத் தொட்டுப் பார்க்கறாங்க. அதுக்குப் பேர் தேடல். உங்க பிள்ளைங்க ஒண்ணைத் தொட்டுட்டுப் போய் உட்கார்ந்துக்கறாங்க. ஆர்வமே இல்லை."

"விடை தெரிஞ்சுபோச்சே சார்."

"விடை தெரியறது வேற, கத்துக்கறது வேற. அலுவலகம் அளக்கறது ரெண்டாவதை."

"அதை எப்படி அளக்கறீங்க?"

"தொடுகையை வச்சுத்தான்."

டீச்சருடையது தற்காலிக வேலை. தொடுகை விகிதம் ஏறினால்தான் வேலை நிரந்தரமாகும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி. மறுநாள் டீச்சர் பிள்ளைகளிடம், "இனிமே கொஞ்சம்... சுத்தி வளைச்சுத் தொடுங்க" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

பிள்ளைகள் புத்திசாலிகள். மூன்று தடவை தப்பாகத் தொட வேண்டுமானால் சரியான விடை எதுவென்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அக்கறையாகக் கணக்குப் போட்டு, விடையைக் கண்டுபிடித்து, அதன் மேல் விரல் பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் கை தவறி முதலிலேயே சரியானதைத் தொட்டுவிட்டு அழுகிற நிலைக்கு வந்தான். "பார்த்துத் தொடக் கூடாதாடா?" என்று கூட்டாளிகள் கடிந்துகொண்டார்கள்.

ஒருத்தி மட்டும் மசியவில்லை. எந்தப் பின்னத்தைப் பார்த்தாலும் உடனே சுருக்கிவிடுவாள். பேச்சும் அப்படித்தான். அதனால் அவளுக்குப் பெயர் சுருக்கு.

"தெரிஞ்சே எப்படித் தப்பாத் தொடறது, டீச்சர்? விரல் போக மாட்டேங்குது."

டீச்சர் துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார். துடைத்ததையும் அது தொடுகையாக எண்ணிக்கொண்டது.

தொடுகைப் பட்டியலில் சுருக்கின் பெயருக்கு எதிரே சிவப்பு விழுந்தது. தையல் கடை வைத்திருந்த அவள் அம்மா வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"உங்க பொண்ணு பங்கேற்கவே மாட்டேங்குதும்மா" என்றார் அதிகாரி.

"கணக்கைத் தப்பாப் போடறாளா சார்?"

"தப்பே போடறதில்லை. அதான் கவலையா இருக்கு."

வாசலுக்கு வந்ததும் அம்மா மகளின் காதைத் திருகினாள். "மத்த பிள்ளைங்கல்லாம் ஒழுங்கா மரியாதையாத் தப்புப் பண்ணுது. உனக்கு மட்டும் என்னடி கேடு?"

சுருக்கையும், பிற வகுப்புகளில் அவளைப் போலவே திருந்தாத சிலரையும் கொண்டு 'பங்கேற்புக் குறைந்தோருக்கான சிறப்பு மீட்பு வகுப்பு' தொடங்க ஆணையிடப்பட்டது. மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறை. தொடுதிரைக்கு அவர்கள் தகுதி பெறவில்லை என்பதால் கழற்றிய கரும்பலகையே அங்கே மாட்டப்பட்டது.

"அந்த வகுப்பை நான் எடுக்கறேன் சார்" என்றார் டீச்சர்.

"அதுல விகிதமே வராதும்மா. வேலை நிரந்தரமாகாது."

டீச்சர் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டார். "பரவாயில்லை சார்."

படிக்குக் கீழே காகிதம் கிழிபட்டது. பிள்ளைகள் எழுதினார்கள், அழித்தார்கள், 'உன்னோடது தப்பு', 'உன்னோடதுதான் தப்பு' என்று சண்டை போட்டார்கள். டீச்சருக்கு வெகு நாளைக்குப் பிறகு தொண்டை கட்டியது. சந்தோஷமாக இருந்தது.

வருடத் தேர்வு வந்தது. அது காகிதத்தில். திரையில் பழகிய பிள்ளைகள் பழக்கத்தை விடாமல் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று தப்பான விடைகளை எழுதி, நாலாவதாகச் சரியானதை எழுதினார்கள். திருத்தியவர்களுக்கு யானை ஆடத் தெரியாது. முட்டை போட்டார்கள். படிக்குக் கீழே இருந்தவர்கள் மட்டும் பாஸ்.

மறுநாளே பெற்றோர் பள்ளி வாசலில் வரிசை கட்டினார்கள்.

"என் பையன் எதுக்குமே ஒத்துழைக்க மாட்டான் சார். நான் எழுதியே தர்றேன்" என்று சத்தியம் செய்தார் ஒரு வங்கி மேலாளர்.

"என் பொண்ணுக்குப் பங்கேற்பு பரம்பரையிலேயே கிடையாது" என்றாள் ஒரு டாக்டரம்மா.

பங்கேற்பைக் குறைப்பதற்கென்றே தெருமுனையில் ஒரு டியூஷன் சென்டர் திறக்கப்பட்டு அமோகமாக நடந்தது.

இவ்வளவு வரவேற்பை அலுவலகம் கவனிக்காமல் இருக்குமா? 'பொதுமக்களின் பேராதரவைப் பெற்றுள்ள மேற்படி வகுப்பு உடனடியாக நவீனப்படுத்தப்படும்' என்று ஆணை வந்தது. கரும்பலகை கழற்றப்பட்டது. முன்னதைவிடப் பெரிய திரை வந்தது.

திறப்பு விழாவுக்கு அறை கொள்ளாத கூட்டம். எல்லார் கையிலும் செல்போன் உயர்ந்திருந்தது.

"முதல் தொடுகை உங்களோடதுதான், டீச்சர்" என்றார் அதிகாரி. "உங்க வேலை இன்னையிலேர்ந்து நிரந்தரம்."

டீச்சருக்குக் கண் கலங்கியது. திரை கேட்டது: அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?

அதிகாரி காதருகில் குனிந்தார். "எடுத்தவுடனே சரியாத் தொட்டுடாதீங்க. எல்லாரும் வீடியோ எடுக்கறாங்க."

டீச்சரின் விரல் ஆறில் ஐந்தின் பக்கம் போனது. அங்கே கொஞ்சம் தயங்கியது. பிறகு ஐந்தில் இரண்டின் மேல் இறங்கியது. யானை ஆடியது. வரிசையில் நின்று இடம் பிடித்த பெற்றோர் கூரை அதிரக் கைதட்டினார்கள். சுருக்கின் அம்மா எல்லாரையும்விட வேகமாகத் தட்டினாள்.

சுருக்கு டீச்சரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அடுத்து நாம எந்த வகுப்புக்கு ஃபெயிலாகணும், டீச்சர்?"

"அப்புறம் சொல்றேன்" என்றார் டீச்சர். "இப்பக் கைதட்டு."