உப்பளத்தில் நான் செத்துப்போன பகல்

தனக்கு நடிக்கத் தெரியும் என்று நம்புகிறவனை நாலு பேர் நடுவில் படுக்கவைக்கக் கூடாது. சொந்த விலா எலும்பைக் கொடுத்து நான் தெரிந்துகொண்ட உண்மை இது.

மரக்காணத்தில் உப்பளக்காரர்கள் சங்கத்தில் எனக்குக் கணக்கர் வேலை. போன கோடையில், தொழிலாளர்கள் இளைப்பாறும் கொட்டகைச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டினோம். நின்றுபோகும் இதயத்தை மின்சாரம் கொடுத்து மறுபடி துடிக்கவைக்கும் கருவி. (எங்கள் ஆட்கள் அன்றைக்கே 'ஷாக் பெட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.) வேலையோ கொளுத்தும் வெயிலில்; ஆஸ்பத்திரியோ தூரம். எல்லாரும் பழகிக்கொள்ளட்டும் என்று புதுச்சேரியிலிருந்து ஒரு நர்ஸம்மாவை வரவழைத்தோம்.

அவர் வந்தார், பொம்மை வரவில்லை. நெஞ்சை அமுக்கிப் பழகும் பொம்மையை, காலையில் பயிற்சி நடத்திய கீழ்புத்துப்பட்டிலேயே விட்டுவிட்டாராம்.

"அதுக்கென்னங்க, நான் படுக்கிறேன்" என்றேன். (யாரும் கேட்கவில்லை.)

"சரிங்க சார். யாரும் நிஜமா அமுக்க மாட்டாங்க, மிஷினையும் ஆன் பண்ண மாட்டோம். நீங்க சும்மா படுத்திருந்தா போதும்."

சும்மா படுப்பதா? பள்ளி ஆண்டு விழாவில் மன்னனாகச் செத்துக் கைதட்டல் வாங்கியவன் நான்! மார்பைப் பிடித்தேன், தள்ளாடினேன், தூணைக் கட்டிக்கொண்டு மெல்லச் சரிந்தேன். வாயைக் கோணிக்கொண்டு கண்ணை மூடினேன். கூட்டம் கப்சிப். உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை.

அந்த நேரம் பார்த்து என் மனைவி ஸ்டெல்லா சாப்பாட்டுக் கேரியருடன் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முந்தின மாதம்தான் கூனிமேட்டில் மகளிர் குழுவோடு இதே பயிற்சியை முடித்திருந்தாள். எங்களுக்கும் பயிற்சி என்பது அவளுக்குத் தெரியாது. ("ஒரு நாள் படிச்சா டாக்டராயிடுவியா?" என்று கிண்டல் செய்த வாயால் எப்படிச் சொல்வது?)

கூட்டத்தின் நடுவே நீட்டிக்கிடந்த என் கால்கள்தான் அவள் கண்ணில் பட்டன. கேரியர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"என்னங்க! நான் பேசறது கேக்குதா?" என்று தோளைத் தட்டினாள்.

கேட்டது. கண்ணைத் திறந்திருக்கலாம். ஆனால், நம் மேல் எவ்வளவு பாசம் என்று பார்ப்போமே என்று ஒரு அற்ப ஆசை. மூச்சையும் அடக்கிக்கொண்டேன்.

"ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க! அந்தப் பெட்டிய எடுத்துட்டு வாங்க! ஏன் எல்லாரும் மரமாட்டம் நிக்கிறீங்க?" என்று கத்தியபடி மண்டியிட்டு, இரண்டு கைகளையும் என் நெஞ்சில் வைத்து முழு உடம்பின் பலத்தையும் இறக்கினாள்.

கடக்.

நான் போட்ட அலறலில் பாத்திகளில் நின்ற கொக்குகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன.

"மேடம், விடுங்க! சார் நடிக்கிறாரு!" என்று நர்ஸம்மா அவளைப் பிடித்து இழுத்தார்.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். "நடிச்சீங்களா?" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "பொண்ணுகிட்ட என்ன சொல்லப்போறேன்னு நெனச்சிட்டேங்க..." அழுகைக்கு நடுவிலேயே என் தோளில் பளாரென்று ஒன்று வைத்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்குமே விலா வலித்தது.

நர்ஸம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்கல்ல? அமுக்கினா இப்படித்தான் அமுக்கணும்!"

எக்ஸ்ரேயில் விலாவில் மெல்லிய கீறல் தெரிந்தது. அது எப்போதோ ஆறிவிட்டது. ஆனால், போனைப் பார்த்துக்கொண்டு, கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார்ந்திருந்தால், என் மகள் இன்றும் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பாள்: "அம்மா, அப்பா பேச்சுமூச்சில்லாம இருக்காரு, கொஞ்சம் வர்றியா?"

ஸ்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நான் எழுந்து நின்றுவிடுவேன்.