அஞ்சு போட்ட வீடு

சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாத வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் அடுத்தவர் கட்டடத்தைப் பராமரிக்க அத்தனை ஆசை வரும். எனக்கு வந்தது. பட்டம் வாங்கிய கையோடு சொத்து மேலாண்மையில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். எர்ணாவூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதைச் சொன்னபோது, எதிர்வீட்டு அம்சா அக்கா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

“சொத்தா? யாரு சொத்து?”

“யாரு சொத்தா இருந்தாலும் சரிக்கா. கட்டடத்த எப்படிப் பாத்துக்கணும், எப்ப ரிப்பேர் பண்ணணும்னு சொல்லித் தருவாங்க.”

“அப்போ எங்கூட்டு பாத்ரூம் ஒழுவுது, மொதல்ல அத்தப் பாரு.”

(அன்றைக்கே அதைப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.)

இரண்டாம் ஆண்டில் ப்ராஜெக்ட். ஏதாவது ஒரு கட்டடத்தை ஆய்வு செய்து, அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுக்க வேண்டும். ஒன்று என்றால் நலம். ஐந்து என்றால் உடனே ரிப்பேர் தேவை. கூடப் படித்தவர்கள் கண்ணாடி பதித்த ஐ.டி. கட்டடங்களைத் தேடி ஓடினார்கள். நான் எங்கள் ப்ளாக்கையே எடுத்துக்கொண்டேன். எங்கள் இடத்தை நான்தான் தூக்கி நிறுத்தப் போகிறேன் என்று அப்படியொரு நினைப்பு.

பேராசிரியர் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். குடியிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஆய்வைத் தொடங்க வேண்டும். அதெல்லாம் மற்றவர்களுக்கு, இங்கே எல்லாம் நம்ம ஆட்கள்தானே என்று விட்டுவிட்டேன்.

சாக்பீஸில் குறித்தால் அழிந்துவிடும். என் நைனாவுக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை. அங்கே தகடுகளில் அளவு எழுதுகிற சிவப்பு பெயிண்டில் கொஞ்சம் வாங்கி வரச் சொன்னேன். வெயில், மழை எதற்கும் அசையாத பெயிண்ட். ஒரு நாள் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, நைனாவின் பழைய ஹெல்மெட்டையும் தூசிக்கு ஒரு மாஸ்க்கையும் மாட்டிக்கொண்டு (கண்ணாடியில் பார்த்தேன், எஞ்சினியரேதான்) மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு வீட்டு வாசல் சுவரிலும் வட்டம் போட்டுப் பெரிதாக எண் எழுதினேன். அம்சா அக்கா வீட்டுக்கு ஐந்து. பிறகு குளித்துவிட்டு, எடுத்த படங்களைப் பேராசிரியரிடம் காட்டக் கல்லூரிக்குப் போய்விட்டேன்.

மாலையில் திரும்பும்போது ஷேர் ஆட்டோ எங்கள் தெருமுனைக்கு முன்பே நின்றுவிட்டது. சாலை மறியல். எங்கள் ப்ளாக் பெண்கள் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் அம்மா.

“இன்னாம்மா ஆச்சு?”

“ப்ளாக்க இடிக்கப் போறாங்களாம்டி. ஹெல்மெட் மாட்டிகினு ஒரு ஆபீசரு வந்துட்டுப் போனத எதிர் ப்ளாக்குல பாத்துகிறாங்க.”

(ஹெல்மெட் என்ற சொல்லிலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.) எனக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை பேரில் இதைப் படித்தவள் நான் ஒருத்திதானே! பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நடுவில் போய் நின்றேன்.

“முன்கூட்டியே சொல்லாம நம்ம வூட்டுப் பக்கம் வர்றதுக்கு அவன் யாரு? வந்தவன் எவனா இருந்தாலும் இங்க வந்து, நம்ம எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டே ஆவணும்!”

ஒரே கைதட்டல். ஆட்டோக்காரர் ஒருவர் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டேதான், வந்தவன் என்ன செய்தான் என்று கேட்டேன்.

“வூட்டு வூட்டுக்கு நம்பரு போட்டுட்டுப் போய்கிறான்மா. அஞ்சு போட்ட வூட்டத்தான் மொதல்ல இடிப்பாங்களாம்” என்றார் பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி.

சோடா பாட்டிலை வாயிலிருந்து எடுத்தேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏன்டி, அந்த அஞ்சு வால நீட்டிகினு அப்படியே உன் அஞ்சாட்டமே கீதே?” என்றாள்.

கூட்டத்தில் அம்சா அக்காவைக் காணோம். கையில் சோடா பாட்டிலோடு ப்ளாக்குக்கு ஓடினேன். வாசலில் ஒரு ‘குட்டி யானை’ சரக்கு வண்டி நின்றது. கட்டில், அண்டா, டிவி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மீதி மூட்டைகளுக்கு நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

“மறியலுக்கு வரலியாக்கா?”

“வந்தா மட்டும்? ஆத்தோரத்துல இருந்தப்பவும் இப்டித்தான் ஒருத்தன் நம்பரு போட்டுட்டுப் போனான். ரோட்ல போயி குந்திகினோம். திரும்பி வந்து பாத்தா வூடே இல்ல. ஒரு சட்டிகூட எடுக்க முடில. இந்த தபாவாவது முன்னாடியே மூட்ட கட்டிக்கலாம்னுதான்.”

எங்கள் ப்ளாக்கில் எல்லோருமே அந்த ஆற்றோரத்தில் வீடுகளை இடித்தபோது இங்கே வந்தவர்கள்தான். அப்போது நான் அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை. வாசலில் சிவப்பில் எண் எழுதினால் இவர்களுக்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

“அக்கா, அந்த நம்பரு நான் போட்டதுக்கா. அஞ்சுன்னா இடிக்கிறதில்ல. ரிப்பேர் பண்ணணும்னு அர்த்தம். உங்க பாத்ரூம் ஒழுவுதுல்ல…”

திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகை பாதி முடிந்ததும் திட்டவும் ஆரம்பித்தார். (அச்சில் போட முடியாது.) எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

பிறகு ரோட்டுக்குப் போய், எல்லார் முன்னாடியும், நான் கேட்ட மன்னிப்பை நானே கேட்டேன். சோடா வாங்கிக் கொடுத்தவர் என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். நானும் நைனாவும் அண்டா முதல் கட்டில் வரை எல்லாவற்றையும் மறுபடி மாடியேற்றினோம். நடந்ததை மறைக்காமல் ப்ராஜெக்டில் எழுதினேன். ‘குடியிருப்போரின் பங்கேற்பு மிக அதிகம்’ என்று பேராசிரியர் ஓரத்தில் குறித்திருந்தார்.

இன்று ஊரின் அந்தக் கோடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். ப்ளாக்கில் இன்னமும் எனக்கு ‘ஆபீசரு’ என்றுதான் பெயர். அம்சா அக்கா வீட்டுப் பரணில் அன்றைக்குக் கட்டிய மூட்டைகளில் ஒன்று அப்படியே கிடக்கிறது. அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் கேட்பேன். என்ன பதில் வரும் என்று தெரிந்து, எங்கள் வீட்டாரும் அவர் வீட்டாரும் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

“இத்த மட்டும் ஏன்க்கா இன்னும் பிரிக்கல?”

“நீ இன்னும் வேலையிலதான கீற?”