தலைக்கு மேலே மெரிடன்

ஒரு பெண்ணைக் காதலிப்பது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. அவளுடைய அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடித்து, அது நமக்கும் பிடிக்கும் என்று நிரூபிப்பதுதான் பெரிய காரியம். கிரிக்கெட் பிடித்த அப்பாவைச் சமாளித்துவிடலாம். அரசியல் பிடித்த அப்பாவிடம் தலையாட்டிவிட்டுத் தப்பிக்கலாம். தன் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசப் பிடித்த அப்பா கிடைத்தால் அது முன்னோர் செய்த புண்ணியம். எனக்கு வாய்த்ததோ, அமெரிக்க நடிகர் ஒருவரைப் பிடித்த அப்பா.

நடிகரின் பெயர் க்ளிஃப் மெரிடன். ரசிகரின் பெயர் சாமுவேல் சார். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்று, அட்டுவம்பட்டியில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். அவருடைய ஒரே மகள் பிரின்சி, எல்.கே.ஜி. டீச்சர். நான் சவரிமுத்து. ஊர் வில்பட்டி. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. (விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று இருக்கும். தண்ணீர் மோட்டார் போடுவதும் அந்த மேனேஜர்தான்.) நானும் பிரின்சியும் காதலிக்கிற விஷயம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், சாமுவேல் சாரைத் தவிர.

எங்கள் லாட்ஜ் ரிசப்ஷனின் அமைப்பை இங்கே சொல்லியாக வேண்டும். பின்னால் நடந்த கேவலத்துக்கெல்லாம் அதுதான் மூலகாரணம். மேஜைக்குப் பின்னால் நான். என் தலைக்கு நேர் மேலே, சுவரில் டிவி. எதிரே சோபா. ரூமுக்காகக் காத்திருப்பவர்கள் சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்ப்பார்கள். நான் அவர்களைப் பார்ப்பேன். டிவியில் எப்போதும் தமிழில் டப்பிங் செய்த இங்கிலீஷ் படம்தான். (சீரியல் போட்டால் குடும்பச் சண்டை சோபாவுக்கு இறங்கிவிடும். நியூஸ் போட்டால் கட்சிச் சண்டை. டைனோசர் வந்தால் எல்லோரும் ஒற்றுமையாகப் பயப்படுகிறார்கள்.)

ஆக, நான் வருஷக்கணக்காகப் படங்களைக் காதால் மட்டுமே பார்த்தவன். அந்தப் படங்களில் ஒரு குரல் எனக்கு உயிர். கிணற்றுக்குள் பாறையை உருட்டிவிட்ட மாதிரி கரகரவென்று இருக்கும். ஒருநாள் சோபாவில் இருந்த வெள்ளைக்காரரிடம், தலைக்கு மேலே விரலைக் காட்டி "ஹூ?" என்று கேட்டேன். "க்ளிஃப் மெரிடன்" என்றார். அன்றிலிருந்து அந்தக் குரல் எந்தப் படத்தில் கேட்டாலும் எனக்கு அது மெரிடன். எப்போதாவது கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு படத்தில் மொட்டை, இன்னொன்றில் நெஞ்சுவரை தாடி. அதனாலென்ன? நடிகன் என்றால் கெட்டப் மாற்ற மாட்டானா? நம் ஊரில் ஒரே ஆள் தாத்தா, பேரன், பேரனின் அத்தை என்று வந்து நிற்கும்போது, அமெரிக்காக்காரனுக்கு ஒரு மொட்டை போடத் தெரியாதா?

சென்னையில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்துகொண்டு ஒரே மனிதர் பாதி அமெரிக்காவுக்குக் குரல் கொடுக்கிறார் என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை, சாமுவேல் சார் உறவுக்காரர்களுக்கு ரூம் கேட்டு லாட்ஜுக்கு வந்தார். மேலே கரகரவென்று குரல். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"மெரிடன் படம் சார்" என்றேன், திரும்பாமலே.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"திரும்பிக்கூடப் பாக்கலயேப்பா. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"மெரிடனக் கண்டுபிடிக்கத் திரும்பணுமாங்க சார்? அவரு படமெல்லாம் எனக்கு மனப்பாடம்ங்க."

என் கெட்ட நேரம், அன்று ஓடியது நிஜமாகவே மெரிடன் படம்.

"இந்த ஊர்ல மெரிடனத் தெரிஞ்ச யங்ஸ்டர் ஒருத்தன் இருக்கான்னு கர்த்தர் எனக்குக் காட்டிட்டாரு" என்று சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வர்ற வியாழக்கிழமை நம்ம வீட்ல மெரிடன் டே. நாலு ஃப்ரெண்ட்ஸ் வருவாங்க. ஒருத்தர் அவரோட லைஃப் அண்ட் கெரியர் பத்திப் பேசுவோம், கேக் வெட்டுவோம், ஒரு படம் பாப்போம். வருஷா வருஷம் நானே பேசி எனக்கே போரடிச்சுப் போச்சு. இந்தத் தடவ நீ பேசு."

அன்று சாயங்காலமே பிரின்சி போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை மதுரையிலருந்து பேங்க் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னையப் பாக்க வர்றாங்க, தெரியும்ல? வியாழக்கிழமை நீங்க நல்லாப் பேசி அப்பா மனசுல எடம் பிடிச்சிட்டா, வெள்ளிக்கிழமை நான் நம்ம விஷயத்தப் போட்டு ஒடச்சிருவேன். சொதப்புனீங்க, ஞாயித்துக்கிழமை காபித் தட்டத் தூக்கிட்டு நான்தான் நிக்கணும்."

"நானா சொதப்புவேன்? மெரிடனப் பத்தியா?"

"எதுக்கும் நெட்ல ஒருதடவ படிச்சிட்டு வாங்க. கெஞ்சிக் கேக்கேன்."

படிக்கத்தான் செய்தேன். புதன்கிழமை மத்தியானம் போனைத் திறந்தேன். சிக்னல் மந்தம், போட்டோ வரவில்லை; தேதிகளைத் தாண்டி நேராக இளமைக்காலத்துக்குப் போனேன். சின்ன ஊரில் பிறந்தார், அப்பா மர லாரி டிரைவர், ஓட்டலில் தட்டுக் கழுவினார், நாடகத்தில் சேர்ந்தார் என்பது வரைக்கும் வந்தேன். அதற்குள் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பஸ் கூட்டம் கீசரில் வெந்நீர் வரவில்லை என்று மேஜையைத் தட்டியது. போனை மூடிவிட்டேன். மீதி நமக்குத் தெரிந்ததுதானே?

அன்றே லாட்ஜ் அடுப்படியில், எங்கள் சமையல்காரர் பேத்துப்பாறை முருகேசண்ணனிடம் முழுப் பேச்சையும் ஒத்திகை பார்த்தேன். கண்கலங்கிவிட்டார். "ஏலே சவரி, கைதட்டணும்போல கெடக்குடா. கை ஒழியல" என்றார். (உரித்துக்கொண்டிருந்தது வெங்காயம் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.)

வியாழக்கிழமை நாலு மணிக்குப் போய் இறங்கினேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. ஹாலில் சாருடைய சிநேகிதர்கள், எல்லோரும் பழைய வாத்தியார்கள். முன்வரிசையில் கணக்கு வாத்தியார் தாமஸ் அங்கிள், கையைக் கட்டிக்கொண்டு, என்னைத் தப்புப் போட்ட விடைத்தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மேஜைமேல் கேக். பக்கத்தில் கண்ணாடி போட்ட வயசான வெள்ளைக்காரர் ஒருவரின் போட்டோ, முன்னால் வெள்ளை டேலியாப் பூ, ஒரு மெழுகுவர்த்தி. மிஷன் பள்ளி வாத்தியார் வீடு; பள்ளிக்கூடத்தைக் கட்டிய யாரோ ஒரு ஃபாதராக இருக்கும் என்று நினைத்து, போகிறபோக்கில் சிலுவை போட்டுக் கும்பிட்டு வைத்தேன். (நாங்கள் மாதா கோயில்காரர்கள். சிலுவைக்குப் பஞ்சமில்லை.) அதைப் பார்த்து சார் அப்படியே உருகிப்போனார் என்று பிற்பாடு பிரின்சி சொன்னாள்.

சார் எழுந்து என்னை அறிமுகப்படுத்தினார். "மெரிடன் சத்தம் போடாத நடிகர். ஒரு படத்துலகூடத் துப்பாக்கியத் தொட்டதில்ல. கண்ணாலயே பேசுவாரு. மத்தத நம்ம சவரிமுத்து சொல்லுவாரு."

துப்பாக்கியைத் தொட்டதில்லையா? பாவம், சாருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரம்பம் அமோகம். சின்ன ஊர், மர லாரி, தட்டுக் கழுவல், நாடகம் எல்லாம் வரிசையாக வந்தன. சார் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். சாருடைய மனைவி கிரேஸ் ஆன்ட்டி அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்டார். பிரின்சி என்னைப் பார்த்த பார்வையில் மதுரை பேங்கே திவாலாகிக்கொண்டிருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

"அதுக்கப்புறம்தாங்க மெரிடன் மொட்டை போட்டாரு" என்றேன்.

ஹாலில் யாரோ இருமினார்கள்.

"போலீஸ் வேஷம். சுரங்கத்துக்குள்ள பாம்ப் வச்சிருக்காங்க. ஒரு கையில வயரு, ஒரு கையில மிஷின் கன்னு. வில்லனப் பாத்து, 'டேய், உன் டைமரு ஓடுது, என் டைமு வருதுடா'ன்னு சொன்னாரு பாருங்க!" குரலைக் கரகரப்பாக்கி நடித்தும் காட்டினேன். "அடுத்தது தாடி. பனிமலையில கரடியோட சண்டை. கரடிய இவரு கடிப்பாரு."

தாமஸ் அங்கிள் மெதுவாகக் கட்டிய கையை அவிழ்த்தார். சாரின் தலையசைப்பு நின்றிருந்தது. அதை நான் மெய்மறந்த நிலை என்று எடுத்துக்கொண்டேன்.

"சொந்த வாழ்க்கையில கொஞ்சம் அப்படி இப்படித்தாங்க. மூணு கல்யாணம், மூணும் டைவர்ஸ்" என்று, சோபாவில் யாரோ பேசியதை நினைவிலிருந்து எடுத்துவிட்டேன். "ஆனா மனுஷன் இன்னைக்கும் ஜிம்முக்குப் போறாரு. போன மாசம் வந்த படத்துலகூட ஹெலிகாப்டர்ல தலகீழாத் தொங்குறாரு. பொறந்தநாள் கொண்டாடுற மெரிடன் இன்னும் நூறு வருஷம் நல்லாருக்கணும்னு வாழ்த்தி, என் உரைய முடிச்சுக்கிறேன்!"

நான் ஒருவன்தான் கைதட்டினேன்.

"தம்பி," என்றார் தாமஸ் அங்கிள், ரொம்ப மரியாதையாக. "அப்ப இந்தப் போட்டோவுல இருக்கறது யாரு?"

"இது நம்ம பள்ளிக்கூடத்தக் கட்டுன வெள்ளக்காரச் சாமியாருங்க" என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். "இவரு ஆத்மா சாந்தியடையட்டும்ங்க."

மெழுகுவர்த்தி எரிகிற சத்தம் கேட்டது.

"அதுதான்பா மெரிடன்" என்றார் சாமுவேல் சார். "இன்னைக்கு அவரு நினைவு நாள்."

பூமி பிளக்கவில்லை. அட்டுவம்பட்டியில் பாறை ஜாஸ்தி.

"அப்ப எத வச்சுப்பா அன்னைக்கு மெரிடன்னு சொன்ன?"

"குரல வச்சுங்க சார்."

"யாரு குரல? மெரிடன் குரலு ரொம்ப மெல்லிசுப்பா. பக்கத்துல போனாத்தான் கேக்கும்."

"தமிழ்ல பேசுற குரலுங்க சார். டிவி என் தலைக்கு மேல இருக்குங்க. மொகத்த நான் சரியாப் பாத்ததே இல்லைங்க."

"ஏம்பா," என்றார் தாமஸ் அங்கிள். "மொகத்தப் பாக்காமலே மூணு பேத்துக்கு ஒரே பேரு வச்சிருக்கியே. ஞானஸ்நானம் குடுக்கற போதகருகூடத் தலைக்கு ஒரு பேருதான் வைப்பாரு."

"விடுங்கண்ணே, புள்ள வெலவெலத்துப் போயி நிக்கி" என்றார் கிரேஸ் ஆன்ட்டி. பிரின்சி என்னைப் பார்க்கவேயில்லை. காபித் தட்டு எவ்வளவு கனம் இருக்கும் என்று யோசிப்பவள்போல உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் ஹால் டிவி பக்கம் திரும்பிக் கேட்டார்: "அந்த ஸ்டேஷன் சீனு... அது தமிழ்ல வந்துருக்கா?"

"வந்துருக்குங்க."

"போடு."

அந்தக் காட்சியைப் பற்றிப் பிரின்சி எனக்குச் சொல்லியிருக்கிறாள். மெரிடனின் தம்பி கோபித்துக்கொண்டு ரயிலேறிப் போய்விடுவான். காலி பிளாட்பாரத்தில் மெரிடன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஒரு வார்த்தை இருக்காது. வருஷா வருஷம் அந்த இடத்தில் சார் கண்ணைத் துடைத்துக்கொள்வாராம்.

போனில் தேடியெடுத்து டிவியில் போட்டேன். ரயில் போனது. பிளாட்பாரம். முதுகு. முதுகு தெரிந்தால் வாயசைவு தெரியாது. வாயசைவு தெரியாவிட்டால் டப்பிங்காரர்கள் சும்மா இருப்பார்களா? கிணற்றுப் பாறை உருண்டது:

"போறியா? போ! எனக்கென்ன வந்துச்சு? சாப்பாட்டு நேரத்துல வயிறு கத்தும்ல, அப்பத் தெரியும் அண்ணன் யாருன்னு. டேய்... ஸ்வெட்டர எடுத்தியாடா? அங்க குளிருமேடா, படுபாவி!"

சாரின் தோள் குலுங்கியது. அழுகிறார், முடிந்தது கதை என்று நினைத்தேன். குலுங்கல் பெரிசாகி, மூக்குக் கண்ணாடி நழுவி மடியில் விழுந்தபோதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. "இன்னொரு தடவ போடு" என்றார். போட்டேன். "இன்னொரு தடவ." தாமஸ் அங்கிள் சோபாவின் கைப்பிடியைக் குத்திக் குத்திச் சிரித்தார்.

"இத்தன வருஷமா," என்றார் சார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மனுஷன் அங்க என்னத்த நெனச்சிட்டு நிக்காருன்னு தெரியாம மண்டையப் பிச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஸ்வெட்டரத்தான் நெனச்சிருக்காரு!" பிறகு என் பக்கம் திரும்பினார். "இது மாதிரி இன்னும் எத்தன இருக்கு? ஞாயித்துக்கிழமை வெள்ளனே வந்துரு."

"ஞாயித்துக்கிழமை பேங்க் மாப்பிள்ளை வர்றாருப்பா" என்றாள் பிரின்சி.

"அவரு இந்த சீனத் தமிழ்ல பாத்துருக்காரான்னு கேளு."

"பாத்துருந்தாலும் அவரு எனக்கு வேணாம்ப்பா." வெள்ளிக்கிழமை வரைக்கும் அவளால் பொறுக்க முடியவில்லை. "எனக்கு இவருதான் வேணும்."

சிரிப்பு நின்றது. எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். சார் என்னைப் பார்த்தார். நான் போட்டோவிலிருந்த மெரிடனைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே ஏதோ பேசினார். எனக்குப் புரியவில்லை.

"சாமு," என்றார் தாமஸ் அங்கிள், "லைஃப் முடிஞ்சிச்சு, கெரியர் ஆரம்பிக்குது."

சார் கிரேஸ் ஆன்ட்டியின் பக்கம் திரும்பினார். "செத்த மனுஷனுக்கே நூறு வருஷம் குடுத்த பய. நம்ம பிள்ளையக் கொறச்சலாவா வச்சுக்குவான்?" கேக் கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஒரே கண்டிஷன். கல்யாணத்துல இவன் கைல யாரும் மைக்கக் குடுக்கக் கூடாது."

இன்றுவரை கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் நான் சாம்பார், ரசம், மோரை ஒரே தட்டில் கலந்தால், "பாரு, மூணு பேரையும் ஒண்ணாக்கிட்டாரு" என்கிறாள் பிரின்சி. எனக்கு மாமாவாகிவிட்ட சார் இப்போது இங்கிலீஷில் மெரிடன் படம் பார்ப்பதில்லை. "அதுல அவரு நடிப்பே எடுபடலப்பா" என்கிறார்.

கல்யாணப் பரிசாக மாமா எனக்குத் தந்தது ஆளுயரக் கண்ணாடி ஒன்று. லாட்ஜ் ரிசப்ஷனில் சோபாவுக்கு மேலே, டிவிக்கு நேர் எதிரே, தானே நின்று ஆணியடித்து மாட்டினார். "இனிமேயாவது மொகத்தப் பாருப்பா" என்றார். பார்க்கிறேன். இப்போது எனக்கு எல்லா நடிகர்களையும் முகம் பார்த்தே தெரியும். போன வாரம்கூட ஒரு மெரிடன் படம் ஓடியது. ஒரு விநாடி விடாமல் பார்த்துவிட்டு, பெருமையாக மாமாவிடம் போய்ச் சொன்னேன்:

"மாமா, மெரிடன்கிட்ட ஒரு விஷயம் நீங்க கவனிச்சீங்களா? சாப்பிடறது, எழுதறது, கைகுலுக்கறது, எல்லாமே அவருக்கு எடது கைதான்."

மாமா எழுந்தார்.

"பிரின்சி," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சுத்தியல எடுத்துட்டு வாம்மா. அந்தக் கண்ணாடியக் கழட்டணும்."