கார்கோ காக்காவும் இரண்டு கூட்டணிகளும்

இரண்டு பெரிய கூட்டணிகளுக்கு ஒரே நாளில் கார்கோ ஃபாரம் நிரப்பியவர் உலக சரித்திரத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஷார்ஜா முவைலாவில், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த கார்கோ கடையில் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கார்கோ காக்கா. கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். என் அறைவாசி தஞ்சாவூர் செல்வத்துக்கு அது தெரியாது. "பெரிய மனுஷனைப் போய்ப் பறவை பேரு சொல்லிக் கூப்பிடறீங்களே, நல்லாவா இருக்கு?" என்று முதல் நாள் எங்களிடம் சண்டைக்கு வந்தான்.

காக்காவுக்கு உலகம் முழுவதும் எடைதான். யாருக்காவது குழந்தை பிறந்தது என்றால் ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டார். "எத்தனை கிலோ?" என்பார். நான் ஒருமுறை லீவு முடிந்து வந்தபோது தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, "ரெண்டு கிலோ கூடியிருக்கே தம்பி" என்றார். விடாமல் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தினார். இரண்டு கிலோ முந்நூறு கூடியிருந்தது. "முந்நூறைக் கோட்டை விட்டுட்டேனே" என்று அன்றைக்கெல்லாம் அவருக்கு மனசே சரியில்லை.

எடைக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது ஸ்டிக்கரை. கண்ணாடிக் கோப்பை படம் போட்ட சிவப்பு ஸ்டிக்கர். உள்ளே இருப்பது உடையும் பொருள், பார்த்துத் தூக்கு என்று அர்த்தம். அது எப்போதும் அவர் சட்டைப் பையில் கத்தையாக இருக்கும். செல்வத்துக்கு நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டில் கல்யாணத்தை நிறுத்திவிட்ட அன்று, அவன் கட்டில் சட்டத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. நாங்கள் யாரும் இரண்டு நாள் அவனைக் கிண்டல் செய்யவில்லை.

இத்தனை பெட்டி கட்டுகிற மனிதர் தன் வீட்டுக்குச் சாமான் அனுப்புவது மட்டும் கார்கோவில் கிடையாது. "கார்கோவையெல்லாம் நம்ப முடியாது தம்பி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து விடுவதுதான் அவர் வழக்கம். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அவர் மனைவிக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி எங்கள் அறையில் வைத்திருந்தார். அந்த மாதம் செல்வமும், எங்கள் அறையிலேயே இருந்த கீழக்கரைக்காரர் பஷீரும் இரண்டு நாள் இடைவெளியில் லீவில் போனார்கள். காக்கா வீட்டுக்குச் சாமான் கொண்டு போகிறவருக்குத் திரும்பும்போது ஒரு டப்பா தொதல் அல்வா கிடைக்கும். அந்தத் தொதலுக்காக இருவருக்கும் மூண்டது போர்.

"எங்க ஊரு சாமானு, நான்தான் எடுத்துட்டுப் போவேன்" என்றார் பஷீர்.

"மொதல்ல கேட்டது நான். காக்காவே தலையை ஆட்டினாரு" என்றான் செல்வம்.

ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் பஷீர், சரி அவனே கொண்டு போகட்டும் என்று ரோஷமாகக் கிளம்பினார். செல்வமோ பஷீர்தான் கொண்டு போய்விட்டார் என்று நினைத்து, கறுவிக்கொண்டே கிளம்பினான். இருவரும் ஊரில் இறங்கிய பிறகும் மெஷின் எங்கள் கட்டிலுக்கு அடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. காக்காவின் மனைவிக்கு அந்த மெஷின் இல்லாமலே அழுத்தம் எவ்வளவு என்று போனிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இருவரும் லீவு முடிந்து திரும்பிய சமயத்தில்தான் பீட்டர் கடைக்கு வந்து போக ஆரம்பித்தான். எங்கள் கட்டடத்தின் செக்யூரிட்டி, கிழக்கு ஆப்பிரிக்காக்காரன், ஆறடிக்கு மேல் உயரம், கோழிக்குஞ்சு மாதிரிக் குரல். அவன் தம்பி மோசஸ் அவர்கள் நாட்டுப் பட்டாளத்தில் இருந்தான். பக்கத்து நாடு ஒன்றில் உள்நாட்டுச் சண்டை. ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து அங்கே அமைதிப்படை அனுப்பியிருந்தன. படைக்கு ஆள் இருந்தது, ஆளை ஏற்றி இறக்க விமானம் இல்லை. மோசஸின் முறை முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. மாற்று ஆட்கள் வந்தால்தான் இவன் கிளம்பலாம். அரிசி பருப்பு முதற்கொண்டு எல்லாமே வானத்திலிருந்து வர வேண்டிய ஒரு பொட்டல் முகாமில், பிறந்து இன்னும் முகம் பார்க்காத மகளின் போட்டோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

விமானம் கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. அதுதான் கொடுமை. பல நாட்டுப் பட்டாளங்கள் சேர்ந்த ராணுவக் கூட்டணி ஒன்று நான் கொடுக்கிறேன் என்றது. ஒரு கண்டத்து நாடுகள் சேர்ந்த கூட்டணி இன்னொன்று, இது என் வேலை என்றது. யார் தலைமையில், எந்த ஊர் அலுவலகத்திலிருந்து உத்தரவு என்று தூதர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காக்கா இதைக் கேட்டதும் கையில் இருந்த டேப்பைக் கீழே வைத்தார். "யா அல்லா, இது நம்ம மெஷின் கதைல்ல?" என்றார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானங்கள் எங்களுக்கு வேறாகிப் போயின. தொழுகை முடிந்து, பிரியாணி முடிந்து, அறையில் திரை இழுத்துவிட்ட மங்கல் வெளிச்சம். ஏ.சி. ஒரே ராகத்தில் முனகிக்கொண்டிருக்கும். ஆளுக்கொரு கட்டிலில் பாதித் தூக்கத்தில் கிடப்போம். காக்கா வாசல் பக்கம் நாற்காலி போட்டு, போனைக் கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிலவரம் வாசிப்பார்.

"கூட்டணி இன்னும் முடிவாகலையாம்."

"எத்தனை சீட்டு கேக்கறாங்களாம்?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டான் செல்வம்.

"சீட்டு இல்ல தம்பி, பிளேனு."

"யாரு சின்னத்துல நிக்கறாங்க?"

காக்கா போனை மடியில் வைத்தார். "அதான்டா சண்டையே. பிளேனு வாலுல யாரு சின்னத்தை ஒட்டறதுன்னுதான்."

செல்வம் அதற்குள் குறட்டைக்குப் போயிருந்தான். நானும் அப்படியே வழுக்கி விழுவேன். கனவில் வெள்ளை வெள்ளையாக விமானங்கள் வரும். எல்லாவற்றையும் காக்கா பழுப்பு டேப் சுற்றி ஒட்டிக்கொண்டிருப்பார். கோட்டு போட்ட தூதர்கள் தராசில் ஏற வரிசையில் நிற்பார்கள். விழித்துப் பார்த்தால் மணி நாலு, நாற்காலி காலி, கீழே கடையில் நிஜமாகவே டேப் கிழியும் சத்தம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் என்னை எழுப்பிவிட்டார். கையில் இரண்டு கார்கோ ஃபாரம்.

"தம்பி, நீ ஆபீஸ்ல படம் வரையறவன், கையெழுத்து நல்லா இருக்கும். எழுது. பொருள், தம்பி. எண்ணிக்கை, ஒண்ணு."

"காக்கா, இதெல்லாம்..."

"எழுதுப்பா. எடை?" என்று வாசலில் நின்ற பீட்டரைப் பார்த்தார். "பீட்டர் பாய், தம்பி எத்தனை கிலோ?"

"பிஃபோர், எய்ட்டி. நவ், மாலும் நஹி காக்கா" என்றான் பீட்டர்.

எடை தெரியாது என்ற பதிலைக் காக்கா வாழ்க்கையில் எந்த வாடிக்கையாளரிடமும் ஏற்றுக்கொண்டதில்லை. அன்று மட்டும் ஏற்றுக்கொண்டார். "எண்பதுன்னே எழுது. குறையாம வரணும்" என்றார்.

ஃபாரத்தின் அடியில் குறிப்பு எழுத இடம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். "ஐயா, நீங்கள் எடுத்து வந்தாலும் சரி, அவர்கள் எடுத்து வந்தாலும் சரி. இரண்டு பேரும் எடுப்பதாகச் சொல்லி, ஒருவரும் எடுக்காமல் போவது மட்டும் வேண்டாம். எங்கள் அறையில் ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது." கீழே மறக்காமல் சிவப்பு ஸ்டிக்கர். போட்டோ எடுத்து, இரண்டு கூட்டணிகளின் இணையதளத்திலும் கிடைத்த முகவரிக்கு அனுப்பிவைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பதில் வந்தது. தங்கள் செய்தி கிடைக்கப்பெற்றோம், நன்றி. கம்ப்யூட்டர் தானாக அனுப்புவது என்று எனக்குத் தெரியும். காக்காவோ ரசீதே வந்துவிட்டது என்று எல்லோருக்கும் கரக் சாயா வாங்கிக் கொடுத்தார். சாயா ஆறுவதற்குள் இன்னொரு கூட்டணியிலிருந்தும் அதே பதில் வந்தது. காக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு பேருமே எடுத்துக்கிட்டோம்கறாங்களே! போச்சு, எல்லாம் போச்சு! தம்பி, ஒண்ணை கேன்சல் பண்ணு. யல்லா, சீக்கிரம்!"

எதைக் கேன்சல் செய்வது? அதைப் பற்றி எங்கள் அறையில் மூன்று வெள்ளிக்கிழமை விவாதம் நடந்தது. பஷீர் ராணுவக் கூட்டணி பக்கம். அவர்களிடம் விமானம் பெரிது என்பது அவர் கட்சி. அவர் அந்தப் பக்கம் போன ஒரே காரணத்துக்காகச் செல்வம் எதிர்ப்பக்கம் போனான். என் ஓட்டும் அந்தப் பக்கம்தான், அவர்கள் இணையதளம் பார்க்க லட்சணமாக இருந்தது. வெளிநாட்டில் கோட்டு போட்டவர்கள் பேசியதை நாங்கள் கைலியோடு பேசினோம், வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. கடைசியில் பீட்டர் வாசலில் நின்று அந்தச் சின்னக் குரலில் கெஞ்சினான்.

"கேன்சல் மாஃபி, காக்கா. நோ கேன்சல். ப்ளீஸ். போத் ஓகே."

எங்களுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

அதன்பின் மோசஸிடமிருந்து போன் வருவது நின்றது. ஒரு நாள், மூன்று நாள், ஒன்பது நாள். காக்கா நிலவரம் வாசிப்பதை விட்டுவிட்டார். ஜனவரி மாதம். காலையில் பனிமூட்டம் இறங்கினால் முவைலாவில் எதிர்க் கட்டடம் இருக்கிறதா என்றே தெரியாது. நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது பீட்டர் கேட் அருகே நிற்பான். பக்கத்தில் இரண்டு சாயாவோடு காக்கா. இருவருக்கும் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, மிதக்கிற மாதிரி இருக்கும். ஷார்ஜா விமான நிலையம் பக்கம்தான். மேலே கண்ணுக்குத் தெரியாமல் சரக்கு விமானங்கள் உறுமிக்கொண்டு போகும்.

"லிஸன், பீட்டர். திஸ் சவுண்ட், ஃபுல் லோட்" என்பார் காக்கா. பீட்டர் அண்ணாந்து பார்த்தபடி தலையாட்டுவான். எங்கே போகிற விமானமோ, என்ன சரக்கோ. நான் ஒருநாளும் குறுக்கே பேசவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை பகலில் பீட்டர் கடைக்குள் ஓடி வந்தான். நான் அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்தேன். போனில் வீடியோ. அதில் தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிய ஒரு மனிதன். தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மோசஸ் முந்தின நாள் இரவே வீடு வந்து சேர்ந்திருந்தான். பீட்டர் சிரிக்கிறானா அழுகிறானா என்று சொல்ல முடியவில்லை.

காக்கா போனை வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் காத்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"மோசஸ் தம்பி, விச் கூட்டணி பிளேன்?"

பீட்டர் அவர்கள் பாஷையில் அதைக் கேட்டான். மோசஸ் வெட்கமாகச் சிரித்தான். பீட்டர் எங்களுக்குச் சொன்னான், "ஹி டோன்ட் நோ, காக்கா. பிளேன் சிட்டிங், ஸ்லீப்பிங். ஹோம் கமிங், ஸ்டில் ஸ்லீப்பிங்."

காக்கா மேஜை டிராயரிலிருந்து ஃபாரத்தின் நகலை எடுத்தார். "எடை?" என்றார்.

எழுபத்தொன்று என்று பதில் வந்தது.

"ஒம்பது கிலோ குறையுது" என்று எழுதினார். எழுதிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கட்டுவதற்குப் பெட்டியே இல்லாத இடத்தில் நின்று டேப்பை நீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

பிறகு செய்தியில் பார்த்தோம். இரண்டு கூட்டணிகளும் தனித்தனியே விமானம் அனுப்பியிருந்தனவாம். யார் தலைமை என்ற பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு தோஹாவில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாளில் காக்கா என் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். முதுகில் பலமாக ஒரு தட்டுத் தட்டி, "யல்லா, போ" என்று விரட்டாத குறையாக அனுப்பினார். கண்கூடக் கலங்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் வழியெல்லாம் ஜனங்கள் என்னிடம் விசித்திரமான அன்போடு நடந்துகொண்டார்கள். வரிசையில் ஒருவர் வழி விட்டார். விமானத்தில் பணிப்பெண் தானாகவே இன்னொரு ஜூஸ் கொடுத்தாள். என் முகக்களைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். தோஹா நஜ்மாவில் புது அறைக்கு வந்து சட்டையைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, முதுகில் சிவப்பு ஸ்டிக்கர்.

உடனே போன் போட்டேன். "என்ன காக்கா இது?"

"பத்திரமா போய்ச் சேந்தியா தம்பி?"

"சேந்துட்டேன் காக்கா."

"வழியில எப்படி இருந்துச்சு?"

"ஏறினதும் தூங்கிட்டேன் காக்கா. எந்த பிளேனுன்னுகூடத் தெரியாது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். குரல் நிறைந்திருந்தது.

உண்மையில் அந்தப் பயணம் முழுக்க நான் கண்ணை மூடவே இல்லை. அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.